ஜாலி மாமாவின் நடை

ஜன்னல் சீட்டை நீங்களே வெச்சுக்குங்க சார், எனக்கு வேணாம். ஒரு நிமிஷம், கண்டக்டர் எங்க போனாரு? இந்த வண்டி மேல்பட்டாம்பாக்கத்துல நிக்கும்ல? ஏறும்போதே கேட்டுட்டேன், இருந்தாலும் இன்னொரு தரம் கேட்டுக்கறது நல்லது. ஒரு தடவை கேக்காம ஏறி, பண்ருட்டியிலதான் எறக்கி விட்டான். சரி, கொஞ்சம் நகருங்க, ஜன்னல் பக்கமே உக்காந்துக்கறேன். காத்து வந்தா தேவலாம்னு இருக்கு.

நீங்க பாண்டிச்சேரிதானே? அப்ப ஜாலி மாமாவைத் தெரியாம இருக்காது. மாசி மாசம் கடற்கரையில வாலிபால் போட்டி நடந்துச்சே, ஊரு முழுக்க போஸ்டரு, பஸ்ஸு முதுகுல, ஆட்டோ முதுகுல, 'பகல்ல பந்து, பொழுது சாஞ்சா பார்ட்டி'ன்னு. பெரிய தலை, தொப்பை, வாயெல்லாம் பல்லு. ஆங், அதேதான். அந்தப் பொம்மைக்குள்ள இருந்தது நான்தான் சார். கலியபெருமாளு. மைக்செட், மேடை, லைட்டு, ஓட்டல் பார்ட்டின்னு எடுத்துச் செய்யறவன். சிரிக்காதீங்க. இல்ல, சிரிங்க, பரவால்ல, ஊரே சிரிச்சுது. ஒருத்தி சிரிக்கல. அவளைக் கூட்டியாரத்தான் இப்ப போறேன்.

என் பொண்டாட்டி. அஞ்சலாட்சின்னு பேரு, அஞ்சலைம்பேன். மாசியில போனவ, ஆடி பொறக்கப்போவுது, இன்னும் வரல. சண்டை போட்டுட்டாவது போயிருக்கலாம். சண்டை போட்டா நானும் நாலு வார்த்தை பேசி, அவளும் பேசி, ராத்திரி சோத்தோட சரியாப் போயிருக்கும். நீங்க மூணாவது மனுஷன், கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க. என் மேல ஒரு தப்பும் இல்ல.

அந்தப் போட்டியை நடத்தினது ஓட்டல்காரங்க சங்கம். சவரிராயலுன்னு ஒருத்தரு தலைவரு. பகல்ல மேட்சு பாக்க வர்ற கூட்டம் வேர்க்கடலை தின்னுட்டு வீட்டுக்குப் பூடுது, அதை அப்படியே சாயந்திரப் பார்ட்டிக்கு இழுக்கணும், அதுக்கு ஒரு பொம்மை வேணும்னாரு. மஸ்காட்டும்பாங்க, ஆளு உள்ள பூந்து ஆடற பொம்மை. மெட்ராஸ்லேர்ந்து ஒரு கம்பெனி டால்பின் வரைஞ்சு கொண்டாந்துச்சு. வேணாம்னதும் நண்டு வரைஞ்சாங்க, கூலிங்கிளாஸ் போட்ட நண்டு. சவரிராயலு அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. இதைப் பாத்தா குழம்பு வைக்கத் தோணுதே தவிர குடிக்கத் தோணலையேன்னாரு.

நான் மேடைக்கு அளவு எடுக்கப் போனவன். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டின்னு சொல்லுவாங்கள்ல, அந்தக் கதைதான். குடிக்கிறவனையே பொம்மையாப் போட்டா என்ன, நம்ம ஊரு ஆளு, கைலி, தலையில துண்டு, கையில கிளாஸுன்னு சொல்லித் தொலைச்சேன். எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு.

உள்ள ஆட ஒரு டான்ஸ் மாஸ்டரைக் கூட்டியாந்தாங்க. குதிக்கிறான், கரணம் போடறான், தரையில சுத்தறான். ஒருத்தரும் சிரிக்கல. குடிகாரன் குதிப்பானா சார்? நல்லா குடிச்சவன் ரொம்ப ஜாக்கிரதையா நடப்பான். அதுலதான் சிரிப்பே இருக்கு. நான் நடந்து காட்டினேன். செருப்பு ரெண்டையும் கழட்டி கக்கத்துல இடுக்கிக்கிட்டு, நுனிக்கால்ல, வெரலை வாய்மேல வெச்சு உஷ்ஷுன்னு எனக்கே சொல்லிக்கிட்டு, ரெண்டடி முன்னால, ஒரு அடி பக்கத்துல, செவுத்துல இடிச்சுட்டு செவுத்துக்கே ஒரு கும்பிடு. சவரிராயலுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. யோவ் கலியபெருமாளு, நீயே மாட்டிக்கய்யான்னாரு. மாட்டிக்கிட்டேன்.

எங்கடா கத்துக்கிட்டன்னு கேப்பீங்க. கத்துக்கல. அது என் மச்சான் நடை. தெய்வசிகாமணி, அஞ்சலைக்குத் தம்பி.

அவங்கம்மா சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டாங்க. இவதான் அவனை இடுப்புல தூக்கி வளத்தா. எங்களுக்கும் புள்ளைகுட்டி இல்லாமப் போச்சு, அதனால கடைசி வரைக்கும் அவளுக்கு அவன்தான் புள்ளை. அவனும் வாலிபால் ஆடினவன்தான் சார். ஏதோ தெருவுல ஆடறதில்ல, கம்பெனி டீமு. பந்தைத் தூக்கிக் குடுக்கிற எடம் அவனுது. சிகாமணி தூக்கிக் குடுத்தா அடிக்கிறவன் கண்ணை மூடிக்கிட்டு அடிக்கலாம்பாங்க. நான் பாத்ததில்ல. கம்பெனியை மூடினாங்க, டீமும் போச்சு. மேல்பட்டாம்பாக்கத்து வீட்டைப் பூட்டிட்டு எங்க வீட்டோட வந்துட்டான். கொஞ்சங்கொஞ்சமா குடிக்க ஆரம்பிச்சான்.

நான் அவனை ஒரு சொல்லு சொன்னதில்ல. வேற எவனா இருந்தாலும் மச்சினனை இப்படி வெச்சு சோறு போடுவானா? பார்ட்டி முடிஞ்சா ஓட்டல்ல பாட்டில்ல மிச்சம் மீதி நிக்கும், கால்வாசி, அரைவாசி, எல்லாம் ஒசத்தி சரக்கு. அதைக் கொட்டறதா? எல்லாத்தையும் பக்குவமா எடுத்தாந்து, இந்தா மச்சான்னு குடுப்பேன். கண்ட கடையில கண்டதைக் குடிச்சுக் கொடலு வெந்துடக்கூடாதுன்னுதான். ஒரு நாளும் அவனை வெறுங்கையோட அனுப்பினதில்ல. மாமா நீங்க தெய்வம்பான். அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்பான்.

கன்னியகோயில் தாண்டிட்டமா? தாண்டிட்டோம்ல. ஏன் இவ்ளோ மெதுவாப் போறாரு டிரைவரு.

மைக்செட் வெக்கிற கொட்டாயில உக்காந்து குடிச்சுட்டு வீட்டுக்கு வருவான் சார். கேட்டுக்கிட்ட நின்னு செருப்பைக் கழட்டுவான். கீழ வெச்சா சத்தம் வரும்னு கக்கத்துல வெச்சுக்குவான். அப்புறம்தான் அந்த நடை. அக்கா தூக்கம் கெட்டுடக்கூடாதாம். நான் படுத்த எடத்துலேர்ந்து பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பேன். எனக்கு அது தெனம் ஒரு சினிமா. போன வருஷம் ஈரல் கெட்டுப் போய்ட்டான். ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சது நான், கொள்ளி வெச்சதும் நான். விதி முடிஞ்சுது, யாரு என்ன பண்ண முடியும்?

பொம்மை வெளிய வந்துச்சு பாருங்க, ஊரு ரெண்டுபட்டுச்சு. மொதல்ல மீனவப் பஞ்சாயத்துலேர்ந்து வந்தாங்க. தலையில துண்டு கட்டி எங்களைக் குடிகாரன்னு காட்டறியான்னாங்க. நியாயம்தானேன்னு துண்டை எடுத்துட்டுத் தொப்பி வெச்சோம். அடுத்தாப்புல ஒரு கட்சிக்காரங்க. கைலிக் கரையில இருக்கிறது எங்க கொடிக் கலருன்னாங்க. கைலியை அவுத்துட்டுப் பூப்போட்ட அரை டிராயரு. அப்புறம் ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரரு, அந்த மீசை என் மீசைன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. பக்கத்துல வெச்சுப் பாத்தா அச்சு அசல் அவரு மீசைதான். அதையும் செரைச்சோம். ஊரு வாயை மூட உலைமூடி ஏது சார், ஆனா சவரிராயலு அசரல. நாலு பேரு திட்டினா நாப்பது பேரு பாக்க வருவான்னாரு. வந்தாங்களே.

பொம்பளைங்க கூட்டம்தான் பெருசா வந்துச்சு. கறுப்புக்கொடி புடிச்சுக்கிட்டு மேடைக்கு எதுத்தாப்புல உக்காந்துட்டாங்க. அதுல ஒரு அம்மா மைக்குல, என் மைக்குதான், வாடகைக்கு எடுத்திருந்தாங்க, நல்லாப் பேசினாங்க. 'இதைத்தான் எங்க வீட்டுல தெனம் பாக்கறோம். பந்து விளையாடற எடத்துலயும் இதையே பாக்கணுமா? எந்த வீட்டுலயாவது இதைப் பாத்துப் பொம்பளை சிரிச்சிருக்காளா?'ன்னு கேட்டாங்க. எனக்குக் கையே தட்டலாம்னு இருந்துச்சு, அப்படி ஒரு குரலு. எக்கோ கொஞ்சம் கொறைச்சு வெச்சிருக்கணும். பொம்மை கையில இருந்த கிளாஸைப் புடுங்கிட்டு இளநியைக் குடுத்தோம்.

டிவியிலயும் வந்தேன் சார். விவாதம். ஜாலி மாமா இருக்கலாமா கூடாதான்னு நாலு பேரு கத்தறாங்க, நடுவுல நான் பொம்மையோட உக்காந்திருக்கேன். பொம்மை பேசக்கூடாதாம், தலையை மட்டும் ஆட்டணுமாம். உள்ள வேத்து ஊத்துது, ஒண்ணும் காதுல விழல. கூடாதுன்னவருக்கும் ஆட்டினேன், இருக்கலாம்னவருக்கும் ஆட்டினேன். நியாயவாதின்னு பேரு வந்துச்சு.

ஆகக்கூடி, போட்டி முடியறப்ப பொம்மையில மொதல்ல இருந்தது ஒண்ணும் இல்ல. துண்டு இல்ல, கைலி இல்ல, மீசை இல்ல, கிளாஸு இல்ல. நடை மட்டும் இருந்துச்சு. நடையைப் பத்தி ஒருத்தரும் வாயைத் தொறக்கல, அது எல்லாருக்கும் புடிச்சிருந்துச்சு. சின்னப் பசங்கல்லாம் தெருவுல செருப்பைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு உஷ்ஷு உஷ்ஷுன்னு நடந்துச்சுங்க. எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா? சிகாமணி ஆடின ஆட்டம் எவனுக்கும் ஞாபகமில்ல. நடை நெலைச்சு நின்னுச்சு பாருங்க.

இது கடலூர்ல எவ்ளோ நேரம் நிக்கும்? டீ குடிக்கறதுன்னா குடிச்சுட்டு வாங்க. நான் எறங்கல. எறங்கினா திரும்பி ஏறுவனான்னு எனக்கே நிச்சயமில்ல.

பைனல் அன்னிக்கு அஞ்சலையை வரச் சொன்னேன். பொம்மையை அவ போஸ்டர்ல பாத்ததோட சரி, நடந்து பாத்ததில்ல, நம்ம வீட்டுல டிவியும் ரிப்பேரு. முன்வரிசை பாஸு குடுத்து உக்கார வெச்சேன். அந்தப் பொம்மைக்கு வாய்தான் கண்ணு, பல்லுக்கு நடுவுல வலை இருக்கும், அது வழியா அவளை நல்லாத் தெரியுது. இளநியைத் தூக்கிக்கிட்டு நான் வந்தப்ப சிரிச்சா சார். சத்தியமாச் சிரிச்சா. வாயில முந்தானையை வெச்சுக்கிட்டு. அப்புறம் மைக்குல சொன்னாங்க, எல்லாரும் எழுந்து ஜாலி மாமா கூட நடங்கன்னு. கடற்கரை மொத்தமும் எழுந்திரிச்சுது. அத்தனை பேரும் குனிஞ்சு செருப்பைக் கழட்டி, கக்கத்துல வெச்சு, நுனிக்கால்ல நின்னு, வெரலை வாயில வெச்சாங்க. அலைச் சத்தம்தான் கேக்குது, அப்புறம் ஊரே சேந்து உஷ்ஷுங்குது. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு.

அவ மட்டும் செருப்போட நின்னா. சரி, கூச்சப்படறான்னு நெனச்சேன். இன்னும் நல்லா நடக்கணும்னு, அவகிட்டயே போயி, செவுத்துக்குப் போடற கும்பிடை அவளுக்கே போட்டேன்.

மறுநா காலையில பாக்கறேன், பையைக் கட்டிட்டா. எங்கன்னேன். ஊருக்கு, தம்பி வீடு பூட்டிக் கெடக்குதுன்னா. நான் வெவரம் கேட்டப்பதான் வாயைத் தொறந்தா. 'அவன் கூத்து காட்டறதுக்கு அப்படி நடக்கல. என் தூக்கம் கெடக்கூடாதுன்னு நடந்தான். அந்த நெலமையிலயும் அது ஒண்ணுதான் அவனுக்கு ஞாபகம் இருந்துச்சு'ன்னா. நான் பாசத்துலதானே அஞ்சலை பண்ணேன்னேன். வாசப்படிகிட்ட நின்னு ஒண்ணு சொன்னா. 'பாட்டிலும் நீங்கதான் குடுத்தீங்க. பொம்மையும் நீங்கதான் போட்டுக்கிட்டீங்க.'

பாட்டில் எங்கேர்ந்து சார் வந்துச்சு இதுக்குள்ள? பொம்மையைப் பத்திப் பேசினா பொம்மையைப் பத்தித்தானே பேசணும்? அந்தம்மா சொன்னதும் கிளாஸைக்கூட எடுத்துட்டமே, இளநிதானேன்னு சொன்னேன். என்னை ஒரு பார்வை பாத்தா. பையை எடுத்துக்கிட்டுப் போய்ட்டா. இந்தப் பொம்பளைங்க ஒரு விசயத்துல கோவப்பட்டா இன்னொண்ணையும் சேத்துத் தூக்கிட்டு வருவாங்க, உங்களுக்குத் தெரியாததா.

நானும் சும்மா இருக்கல. சவரிராயலு அடுத்த வருஷம் கோவளத்துலயும் நடத்தறாராம், நீதான்யா மாமான்னு கூப்பிட்டாரு. நான் ஒரு கண்டிஷன் போட்டேன். பொம்மைக்கு ஜாலி சிகாமணின்னு பேரு வைக்கணும்னு. சரின்னுட்டாரு. செத்துப்போன மனுஷனுக்கு எவன் இவ்ளோ செய்வான்? உடனே அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டா. வெச்சுட்டா. அதுக்கப்புறம் போனே எடுக்கல.

இது நெல்லிக்குப்பம்தானே? ஆமா, சக்கரை ஆலை வாசனை வருது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

போன வாரமும் வந்தேன் சார். மத்தியான நேரம், தெருவுல ஈ காக்கா இல்ல. கதவு தொறந்துதான் இருந்துச்சு. உள்ள அவ எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அரிவாமணையில காய் நறுக்கறா. கூப்பிடல. என்ன சொல்லுவாளோன்னு பயம். செருப்பைக் கழட்டிட்டு உள்ள காலு வெச்சேன். ரெண்டடி வெச்சிருப்பேன். திரும்பிக்கூடப் பாக்காம பேசறா சார்.

'சோறு மூடி வெச்சிருக்கேன். போட்டுத் தின்னுட்டுப் படு.'

எனக்கு உசுரே வந்துச்சு. அப்பாடா, சாப்பிடச் சொல்லிட்டா, கோவம் தணிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். சந்தோஷத்துல அஞ்சலைன்னு கூப்பிட்டுட்டேன். அவ திரும்பினா. திரும்பறப்ப அவ மூஞ்சியில ஒண்ணு இருந்துச்சு சார், கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான் அதைப் பாத்ததில்ல. என் மூஞ்சியைப் பாத்ததும் அப்படியே வடிஞ்சுபோச்சு. காலைப் பாத்தா. கக்கத்தைப் பாத்தா. அப்பதான் நானும் குனிஞ்சு பாக்கறேன். செருப்பு ரெண்டும் என் கக்கத்துல இருக்கு. நுனிக்கால்ல நின்னுக்கிட்டிருக்கேன். வெரலு வேற வாய்கிட்ட வந்திருக்கு.

அவ தூங்கவே இல்ல போலிருக்கு சார், சிகாமணி இருந்த நாள்லல்லாம். அவன் அவ்ளோ பாத்துப் பாத்து நடப்பான், இவ முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்திருக்கா. நான் சிரிச்சுட்டுத் தூங்கிப் போனப்புறம் எழுந்து சோறு போட்டிருக்கா. எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

போய்டுங்கன்னா. மெதுவாத்தான் சொன்னா. வேணும்னு செய்யல அஞ்சலை, சத்தியமா தெரியாம வந்துடுச்சுன்னேன். அவ காயை எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போய்ட்டா.

சத்தியமா தெரியாமத்தான் சார் வருது. அதுதான் இப்ப பெரிய தொல்லையாப் போச்சு. பொம்மையைக் கழட்டி எத்தனை மாசம் ஆச்சு, இது கழல மாட்டேங்குது. என் வீட்டுல யாரு இருக்கா? ஒருத்தருமில்ல. ஆனா கேட்டைத் தொறந்ததும் கை தானா செருப்புக்குப் போவுது. உள்ள போனா காலு தானா எழும்புது. காலிக் கட்டிலைப் பாத்து உஷ்ஷுங்கறேன். அடுப்பங்கரையில போயி மூடி வெச்ச தட்டு ஏதாச்சும் இருக்கான்னு பாக்கறேன். டாக்டர்கிட்ட போயி இதை என்னன்னு சொல்றது? அவரும் ஜாலி மாமா ரசிகராத்தான் இருப்பாரு.

இன்னிக்கு என்ன பேசறதுன்னு ஒண்ணும் யோசிக்கல. கோவளத்துக்கு வரலன்னு சொல்லிடலாமான்னு ஒரு பக்கம் தோணுது, இன்னும் சொல்லல. மொதல்ல மனுஷனாட்டம் நடந்து போயி அவ முன்னால நிக்கணும். மத்ததெல்லாம் அப்புறம். நான்தான் வரேன்னு அவளுக்குத் தெரியணும் சார், காலடிச் சத்தத்துலயே தெரியணும். இன்னொரு தரம் அவ அப்படித் திரும்பி, என்னைப் பாத்து அந்த மூஞ்சி வடிஞ்சுபோச்சுன்னா என்னால தாங்க முடியாது.

மேல்பட்டாம்பாக்கமா? எறங்கணும், எறங்கணும், கொஞ்சம் நிறுத்துங்க. சார், ஒரு உதவி. நான் எறங்கினதும் நீங்க ஜன்னல் பக்கம் வந்துடுங்க. அந்தத் தெரு நேர் தெரு, வண்டி கெளம்பற வரைக்கும் நான் போறது உங்களுக்கு நல்லாத் தெரியும். ஒழுங்கா நடந்தேன்னா ஒண்ணும் சொல்ல வேணாம். காலு எழும்பிச்சுன்னா மட்டும் ஒரு சத்தம் குடுங்க. மாமான்னு கூப்பிட்டுடாதீங்க. கலியபெருமாளுன்னு, என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.